ரிலீவர் வந்தாச்சா?

எங்கள் வீட்டில் மதியச் சோற்றுக்கு நேரம் கிடையாது. அப்பாவின் ரிலீவர் எப்போது வருகிறாரோ, அதன் பிறகுதான் சோறு. திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒண்டுக்குடித்தனம். அப்பா எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஏ ஷிப்ட், இரண்டிலிருந்து பத்து வரை பி ஷிப்ட், இரவு முழுக்க சி ஷிப்ட். இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். சங்கு ஊதியதும் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட முடியாது. அடுத்த ஆள் வந்து, லாக் புக்கைப் படித்து, கேஜைப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அப்பா சைக்கிளை எடுக்கலாம். ஆள் வரவில்லையென்றால் டபுள் டியூட்டி. அம்மா தெருமுனையில் நின்று, அந்த ஆலையிலிருந்து திரும்பும் யாரையாவது நிறுத்திக் கேட்பாள்: "அவருக்கு ரிலீவர் வந்தாச்சா, அண்ணே?"

பேஸ்பாலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தெருமுனைதான். அந்த ஆட்டத்தில் ரிலீஃப் பிட்சர் என்று ஒரு வேலை இருக்கிறது. முதலில் எறிந்தவர் களைத்தோ அடிவாங்கியோ நிற்கும்போது உள்ளே வந்து அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்பவர். பேச்சு வழக்கில் அவரையும் ரிலீவர் என்றுதான் சொல்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு அமெரிக்காவில் அந்த வேலையைப் பார்த்த இந்தியர் ஒருவர் உண்டு. பெயர் ரிங்கு சிங். 2023 ஐ.பி.எல். ஆட்டம் ஒன்றின் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்த ரிங்கு சிங் வேறு, இவர் வேறு.

நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஈட்டி எறிந்து வளர்ந்தவள். 2014-இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற ஆங்கிலப் படம் வந்தது. டிஸ்னி எடுத்த படம், இசை ஏ.ஆர். ரஹ்மான். நான் போனது ரஹ்மானுக்காக இல்லை. ஈட்டி எறிந்த இரண்டு பையன்களின் கதை, அதில் ஒருவர் இந்த ரிங்கு என்று கேள்விப்பட்டேன், அதற்காகப் போனேன். படம் நன்றாகவே இருந்தது. ஆனால் பையன்களை ஓர் அணி எடுத்துக்கொண்டது, கைகுலுக்கினார்கள் என்ற இடத்தோடு கதை முடிந்துவிட்டது. வேலைக்கு ஆர்டர் வந்த நாளோடு ஒரு தொழிலாளியின் கதையை முடித்துவிட்டால் எப்படி? அதற்குப் பிறகு அந்த ரிங்கு எத்தனை பந்து எறிந்தான், யார் அவனை இறக்கினார்கள், கை என்ன ஆயிற்று? அதைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தெரு கிரிக்கெட்டில் ஒருவன் கையை மடக்கி எறிந்தால் "மாங்கா போடுறான்" என்று பத்துப் பேர் கத்துவோம். பந்து செல்லாது. சர்வதேச கிரிக்கெட்டிலும், வீசும்போது முழங்கை நிமிரும் கோணம் 15 டிகிரியைத் தாண்டக் கூடாது. பேஸ்பாலில் எறிவது முழுக்க முழுக்க மாங்காதான். 10 அங்குலம் உயர்ந்த ஒரு மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் இருப்பவரை நோக்கி எறிய வேண்டும். ஓடிவர இடமில்லை. ஒரே ஓர் அடி எடுத்து வைத்து, கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று உடம்பு முழுவதையும் சாட்டைபோலச் சொடுக்க வேண்டும். பந்து கிரிக்கெட் பந்தைவிட ஒரு பிடி எடை குறைவு, 142-லிருந்து 149 கிராம் வரை. தரையில் குத்தி எழும்பாது. காற்றிலேயே மட்டைக்குப் போகும்.

ஓர் அணி மூன்று பேரை இழந்ததும் மறு அணி மட்டை பிடிக்கும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். ஓவர் கணக்கு இல்லாததால், பிட்சர் ஒருவரே எறிந்துகொண்டே இருக்கலாம். ஆனால் உடம்பு இருக்கிறதே. தொண்ணூறு, நூறு பந்து ஆகும்போது கை கனத்துவிடும், வேகம் குறையும், மட்டைக்காரர்களும் மூன்றாவது முறையாக அவரைப் பார்க்கும்போது அவர் சூட்சுமம் பிடிபட்டிருக்கும். அப்போது மேலாளர் நடந்து வந்து பந்தைக் கேட்பார். இங்கேதான் கிரிக்கெட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். பும்ராவை மூன்று ஓவர் போடவைத்து, ஓய்வு கொடுத்து, பத்தொன்பதாவது ஓவருக்குத் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் ஆட்டத்தைவிட்டு வெளியே எடுத்தவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. ஆகவே மீதி வேலையைப் பார்க்கத் தனி ஆட்கள் வேண்டியிருக்கிறது. அதுவே தனித் தொழிலாகிவிட்டது.

அவர்கள் உட்காரும் இடத்துக்குப் புல்பென் என்று பெயர். மைதானத்தின் ஓரத்திலோ எல்லைச் சுவருக்குப் பின்னாலோ ஒரு தனி அடைப்பு. ஒரு பெஞ்சு, எறிந்து பழக ஒரு மேடு, சுவரில் ஒரு போன். மணி அடித்தால் எழுந்து கையைச் சூடாக்க வேண்டும். பல நாள் சூடாக்கிவிட்டு உட்கார வேண்டியதுதான், கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால், பெரும்பாலும் நிலைமை கெட்ட பிறகுதான். எதிரணி ஓட்டக்காரர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே பாதி தூரம் வந்து நிற்பார்கள். அவர்களை அங்கே வரவிட்டது இவர் இல்லை. ஆனால் இனி அவர்கள் கடைசித் தளமான 'ஹோம்' போய்ச் சேராமல் பார்ப்பது இவர் பாடு.

அப்படியும் அந்த இரண்டு பேர் ஓடி முடித்துவிட்டால் அந்த ரன்கள் யார் கணக்கில் எழுதப்படும் தெரியுமா? முன்னால் எறிந்தவர் கணக்கில். ரிலீவர் பெயரில் வராது. இந்த விதியை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. "அப்ப அவங்க லாக் புக் ஒழுங்காத்தான் இருக்குது" என்றார். அவருடைய ஷிப்டில் ஒரு வால்வு கசிந்தது என்றால், கசிவு எந்த ஷிப்டில் தொடங்கியது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டவன் தலையில் விடியும்.

ரிங்கு சிங் உத்தரப் பிரதேசம் பதோஹி மாவட்டத்துக் கிராமத்துப் பையன். 1988-இல் பிறந்தவர். அப்பா லாரி டிரைவர். ஒன்பது பிள்ளைகள், ஓர் அறை வீடு. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக கேட்டுக்காக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களில் இருப்பவர்கள். அந்த வீட்டை என்னால் எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறது. ரிங்கு லக்னோவில் உள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்தார். படத்தில் வரும் இன்னொரு பையன், வாரணாசிப் பக்கத்திலிருந்து வந்த தினேஷ் படேலும் அங்கேதான். ரிங்கு இடக்கை, தினேஷ் வலக்கை.

ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட், இந்தியாவில் வேகமாக எறியத் தெரிந்தவர்களைக் கண்டுபிடிக்க ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடத்தினார். முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து எறிந்தார்கள். வேகமும் வேண்டும், குறியும் வேண்டும். 2008-இல் மணிக்கு 87 மைல், ஏறத்தாழ 140 கி.மீ. வேகத்தில் எறிந்து ரிங்கு முதலிடம் வந்தார். பரிசு ஒரு லட்சம் டாலர். அதுவரை அவர் கையில் பேஸ்பால் கிளவுஸ் மாட்டியதில்லை.

ரிங்கு, தினேஷ் இரண்டு பேருக்கும் லாஸ் ஏஞ்சலீஸில் பயிற்சி கொடுத்தவர் டாம் ஹவுஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். படத்தில் இவர் பயிற்சியாளராக வந்து போகிறார். ஆனால் இவரே பெரிய லீகில் இடக்கை ரிலீவராக இருந்தவர். 1974 ஏப்ரல் 8-ஆம் தேதி அட்லாண்டாவில் ஹேங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன்னை (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து, பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டினார். அந்தப் பந்து போய் விழுந்தது புல்பென்னில். அங்கே கையை நீட்டிப் பிடித்தவர் டாம் ஹவுஸ். அமெரிக்க விளையாட்டு வரலாற்றின் மிகப் பெரிய தருணங்களில் ஒன்றை, தன் முறை வருமா என்று காத்துக்கொண்டிருந்த ஒரு ரிலீவர் பிடித்தார். ரிங்குவுக்குக் குருவாக வாய்த்தவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. படம் இங்கே முடிகிறது. வேலை இங்கே தொடங்குகிறது.

பெரிய லீக் அணிகள் ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாகச் சின்ன லீக் அணிகள் உண்டு. புதிதாக எடுத்த பிள்ளைகளை அடிப்படியில் போடுவார்கள். அங்கே அன்று சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் சம்பளம். ஊர் ஊராகப் பஸ் பயணம். நம்மூர் காண்டிராக்ட் தொழிலாளிபோலத்தான். அவர்களுக்கென்று ஒரு தொழிற்சங்க ஒப்பந்தம் வந்ததே 2023-இல்தான். ரிங்குவும் தினேஷும் 2009 ஜூலை 4-ஆம் தேதி புளோரிடாவில் முதல் முறையாகக் களம் இறங்கினார்கள். ஜூலை 13-இல் ரிங்குவின் பெயரில் ஒரு வெற்றி எழுதப்பட்டது. அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் ஓர் இந்தியக் குடிமகன் பெற்ற முதல் வெற்றி அது.

அந்த முதல் வருடம் அவருடைய கணக்கு நன்றாக இல்லை. பிட்சர்களை அளக்க ஒரு சராசரி வைத்திருக்கிறார்கள்: ஒன்பது இன்னிங்ஸ் எறிந்தால், இவர் தவறால் எத்தனை ரன் போகும் என்பது. குறைந்தால் நல்லது. ரிங்குவுக்கு முதல் வருடம் 5.84. அடுத்த வருடம் 2.61. இப்படி இறங்குவது சாதாரணம் இல்லை. அமெரிக்கப் பிள்ளைகள் ஐந்து வயதில் பிடித்த பந்தை இவர் இருபது வயதில் பிடித்தவர். மொழி, சாப்பாடு, ஆட்டத்தின் விதி, எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்கு ஓட வேண்டும் என்பது வரை எல்லாமே புதிது. தினேஷுக்கு 2010 சரியாக அமையவில்லை. அந்த டிசம்பரில் அணி அவரை விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். இருவராகப் போன இடத்தில் ரிங்கு தனியாக நின்றார்.

2011-இல் ஒவ்வொரு படியாக ஏறி, மேற்கு வர்ஜீனியாவின் தலைநகரான சார்ல்ஸ்டனில் உள்ள ஏ நிலை அணிக்குப் போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவில் குளிர் வந்து ஆட்டம் நின்றதும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கான்பெரா அணிக்காக எறிந்தார். 2012 மறுபடி சார்ல்ஸ்டன். அதுதான் அவருடைய நிறைந்த வருடம். 39 ஆட்டங்கள், 72 இன்னிங்ஸ், 65 பேரைப் பந்தைக் களத்துக்குள் அடிக்கவிடாமலே வெளியேற்றினார். சராசரி சரியாக 3.00. எட்டு முழு ஆட்டத்துக்குச் சமமான வேலையில் இவர் தவறால் போனது 24 ரன்தான் என்று அர்த்தம். 39 முறை போன் அடித்திருக்கிறது. 39 முறை எழுந்து போயிருக்கிறார்.

சார்ல்ஸ்டன் எப்படிப்பட்ட ஊர் என்று தேடிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கனாவா ஆற்றங்கரையில் உள்ள அந்தப் பகுதிக்கு 'ரசாயனப் பள்ளத்தாக்கு' என்றே பெயர். ஊரை அடுத்த இன்ஸ்டிட்யூட் என்ற இடத்தில் யூனியன் கார்பைடு ஆலை இருந்தது. போபாலில் கசிந்த அதே மீத்தைல் ஐசோசயனேட் அங்கேயும் தயாரானது. 1984 டிசம்பரில் போபால் செய்தி வந்த வாரம் அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு, பதோஹி லாரி டிரைவரின் மகன் தன் வாழ்க்கையிலேயே நன்றாக எறிந்த ஊர் இன்னொரு ரசாயன ஊர் என்பது ஏதோ சொந்தக்காரர் வீடு மாதிரி இருந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்காரும் ஆட்களை அவர் அங்கே பார்த்திருப்பார்.

இந்தத் தொழிலின் உச்சியில் இருந்தவரும் நம் காசிமேட்டு மீனவர்களுக்கு அந்நியர் இல்லை. மரியானோ ரிவேரா. பனாமாவில் புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊரில் வளர்ந்தவர். அப்பா மீன்பிடிப் படகு ஓட்டியவர். சிறுவயதில் அட்டையில் கிளவுஸ் செய்து ஆடினார். வளர்ந்ததும் அப்பாவின் படகிலேயே வேலைக்குப் போனார். 1990-இல் நியூயார்க் யாங்கீஸ் அவரை எடுத்துக்கொண்டது. அணி சிறு வித்தியாசத்தில் முன்னிலையில் இருக்கும்போது கடைசியில் வந்து அந்த முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுத்தால் அதற்கு 'சேவ்' என்று ஒரு கணக்கு உண்டு. ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் உருவாக்கிய கணக்கு அது, 1969-இல் அதிகாரபூர்வமானது. அதுவரை ரிலீவர் இப்படிக் காப்பாற்றியதற்கு அதிகாரபூர்வத் தாளில் பெயரே இல்லை. ரிவேரா 652 முறை அப்படிக் காப்பாற்றினார். பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்கு வாக்களித்த அத்தனை பேரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த முதல் ஆட்டக்காரர் அவர்தான், 2019-இல். ஒரு ரிலீவர்! ஆயிரக்கணக்கான ஹோம் ரன்களைப் பார்த்த நாட்டில் அந்த மரியாதை கடைசி ஷிப்ட்காரருக்குப் போனது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக நாம் பார்த்தவர் சின்னப்பம்பட்டி நடராஜன். ரிங்குவைப் போலவே இடக்கை. டென்னிஸ் பந்தில் பழகிய யார்க்கரைக் கடைசி ஓவர்களில் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கியவர். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். அதே ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. வேகமாக எறிபவர்களின் கதை எல்லாமே ஏதோ ஒரு மூட்டில் வந்து நிற்கிறது.

ரிங்குவுக்கு அது முழங்கை. 2012 சீசனுக்குப் பிறகு அவர் அந்த அணிக்காக ஒரு ஆட்டத்திலும் எறியவில்லை. காயம், அறுவை சிகிச்சை, தேறுதல், மறுபடி காயம். படம் திரைக்கு வந்து உலகம் முழுக்க அவர் பெயர் பேசப்பட்ட 2014-இல் அவர் கை எறிய முடியாமல் இருந்தது. அவர் நின்ற படிக்கு மேலே இன்னும் நாலு படி இருந்தது. பெரிய லீகை அவர் தொடவே இல்லை. 2018-இல் மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

முழங்கையின் உள்பக்கம், எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் ஒரு சின்ன நார் இருக்கிறது. மாங்கா எறியும் ஒவ்வொரு முறையும், கை பின்னால் வளைந்து முன்னால் பாயும் அந்த நொடியில், பெரும் இழுப்பு அந்த நாரில்தான். ஈட்டி எறிபவர்களுக்கும் முழங்கையில் அடி வருவது உண்டு. நீரஜ் சோப்ராவும் 2019-இல் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பல மாதம் எறியாமல் இருந்து, அதற்குப் பிறகுதான் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார்.

அந்த நார் அறுந்தால் ஒரு காலத்தில் பிட்சரின் பிழைப்பு அத்தோடு முடிந்தது. 1974 செப்டம்பரில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற இடக்கைப் பிட்சரின் மற்றொரு கையிலிருந்து ஒரு தசைநாண் கயிற்றை எடுத்து, அறுந்த நார் இருந்த இடத்தில் எலும்பில் துளைபோட்டுக் கோர்த்துக் கட்டினார். 1976-இல் டாமி ஜான் திரும்பி வந்தார். 1989 வரை எறிந்தார். சிகிச்சைக்குப் பிறகு மட்டும் 164 வெற்றி. இன்றுவரை அந்த சிகிச்சைக்கு மருத்துவர் பெயர் இல்லை, நோயாளியின் பெயர்தான். மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் அந்தக் கயிற்றை நீங்களே பார்க்கலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொட்டு, மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். நடுவில் ஒன்று புடைத்து எழும். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. இல்லாததால் ஒரு குறையும் இல்லை. என் பிள்ளைகளிடம் இதைச் செய்யச் சொன்னால் அரைமணி நேரம் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

எனக்கு அந்த முழங்கைக் காயம் பதினேழு வயதில் வந்தது. மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் வலி என்று சொன்னால் ஐஸ் வை, கட்டுப் போடு, எறி என்பதைத் தவிர அவருக்கு வேறு தெரியாது. யாரும் எண்ணவில்லை. ஒரே நாளில் நான் எழுபது, எண்பது முறை எறிந்திருப்பேன். போட்டியன்று மூன்றாவது எறியில் உள்பக்கம் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் எனக்குள் கேட்டது. இன்றைக்கும் வலது கையால் தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றும்போது அந்த இடம் இழுக்கிறது.

அமெரிக்காவில் சிறுவர் லீகில் 2007-லிருந்து பந்தை எண்ணுகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது. எண்ணிக்கை ஆனதும், எவ்வளவு நன்றாக எறிந்துகொண்டிருந்தாலும், அடுத்த பிள்ளை வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ரிங்குவைத் தேடப் போய் எனக்குக் கிடைத்ததில் உபயோகமானது இதுதான். எனக்கு அன்றைக்கு ஒரு ரிலீவர் தேவைப்பட்டார். அப்படி ஒருவர் உண்டு என்பதே எங்கள் மைதானத்தில் யாருக்கும் தெரியாது.

அப்பாவின் லாக் புக் மாதிரியே ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, பெயர், எத்தனை எறி, எத்தனை மீட்டர், குறிப்பு. முழு வேகத்தில் ஒரு நாளைக்கு இருபது எறிக்கு மேல் என் மைதானத்தில் கிடையாது. போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இடக்கைக்காரி, டிரெய்லர் டிரைவர் மகள், அதுவரை எறியாத தூரத்துக்கு எறிந்துவிட்டாள். கடற்காற்று பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"மிஸ், இன்னும் ரெண்டே ரெண்டு. இன்னிக்குக் கை நல்லா வருது மிஸ்."

நோட்டில் இருபது ஆகியிருந்தது. ஈட்டியை வாங்கி அடுத்து நின்றவளிடம் கொடுத்தேன். இவள் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்து, முழங்கையின் உள்பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். வலிக்குதா என்று இரண்டு முறை கேட்டேன். இல்லை மிஸ் என்றாள். குறிப்பு என்ற இடத்தில் 'வலி இல்லை' என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினேன்.